புது ஸ்கூட்டரை ஓட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்

125 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர் வாங்கியாகிவிட்டது, ஓட்டுநர் உரிமம் இன்னும் கைக்கு வரவில்லை. வீடு 40 கிலோமீட்டர், பாதிக்கு மேல் நெடுஞ்சாலை. சனிக்கிழமைக்குள் வண்டியை எடுத்தாக வேண்டும்.

கடையில் கொண்டுவந்து தர மாட்டார்களாம். ஓட்டத் தெரிந்த நண்பர் ஊரில் இல்லை. காருக்குள் படுக்கவைத்துக் கொண்டுவா என்றார் ஒருவர். பெட்ரோல் ஒழுகும், அது சரிப்படாது. அப்புறம் ஒரு திறந்த சரக்கு வண்டி கிடைத்தது, ஏற்றப் பலகையும் இருக்கிறது.

சிக்கல் கட்டுவதில்தான். பைக் என்றால் ஃபிரேம் வெளியே தெரியும். இதில் எங்கே தொட்டாலும் பிளாஸ்டிக், ஹேண்டில்பார்கூட கவருக்குள்தான். பின்னால் பிடிகம்பி இருக்கிறது, முன்னால் ஒன்றுமில்லை. சென்டர் ஸ்டாண்டை நம்பினால் குலுக்கலில் மடங்கிவிடும் என்று டிரைவர் வேறு பயமுறுத்துகிறார்.

இப்படி ஏற்றிவந்தவர்கள் சொல்லுங்கள்: பேனல் உடையாமல் முன்பக்கம் பட்டையை எதில் மாட்டிக் கட்டினீர்கள்?