பெரியம்மாவுக்கு முதல் செல்போன்: காது மெஷின் போட்டிருக்காங்க, எதை வாங்குறது?

நீலக்குடை (கேள்வி):

வணக்கம். எங்க பெரியம்மாவுக்கு 71 வயசு. இதுவரைக்கும் சொந்தமா செல் வச்சுக்கிட்டதே இல்ல. வீட்டு லேண்ட்லைனோட காலம் ஓடிடுச்சு, இப்ப அதையும் எடுத்தாச்சு. இடது காது சுத்தமா கேக்காது. வலது பக்கம் காதுக்குப் பின்னாடி மாட்டுற மெஷின், ரொம்ப வருஷமா போடுறாங்க. நேர்ல முகத்தைப் பாத்துப் பேசினா நல்லாவே பேசுவாங்க.

போன வாரம் ரெண்டு போன்ல பேச வச்சுப் பாத்தோம். என்னோட டச் போன்ல, "சத்தம் வருது, நீ என்ன சொல்றேன்னுதான் தெரியல"ன்னாங்க. சத்தத்தை முழுசா ஏத்தினதும் முகத்தைச் சுளிச்சுத் தள்ளி வச்சுட்டாங்க. அண்ணனோட பழைய பட்டன் போன்ல கொர்ருன்னு ஒரே இரைச்சல், அது போதாதுன்னு மெஷின் வேற கீச்சுன்னு கத்துது. "எனக்கு எதுக்குடி இதெல்லாம்"னு ஒதுங்கிட்டாங்க. தனியா இருக்குறவங்க, ராத்திரி ஒரு அவசரம்னா எங்களைக் கூப்பிட வழியே இல்ல. என்ன மாதிரி போன் வாங்கலாம்?

மாடிப்படி:

பெரிய பட்டன், பெரிய ஸ்பீக்கர் இருக்குற போனா பாருங்க. எங்க தாத்தாவுக்கு அதான் வாங்கினோம். மணியடிச்சா பக்கத்து வீடு வரைக்கும் கேக்கும், அவருக்கும் கேக்குது.

ஒற்றைத்திண்ணை:

நானே 19 வருஷமா மெஷின் போடுறவன். மணியடிக்க அந்த போன் சரி, பேச்சுக்கு சரியான்னு சொல்ல முடியாது. அவங்க "சத்தம் வருது, புரியல"ன்னு சொன்னதைக் கவனிங்க. வயசாகிக் காது மந்தமாகும்போது பெரும்பாலும் முதல்ல போறது கீச்சுக்குரல் பகுதி. ச, ஸ, ஷ எல்லாம் அங்கதான் இருக்கு. "சாப்பிட்டியா"ங்கிறது "ஆப்பிட்டியா"ன்னு விழும். ஏத்த ஏத்த அந்த "ஆ"தான் பெருசாகும், "ச" வராது. ஒரு அளவுக்கு மேல காது வலிக்கவும் செய்யும். அவங்க முகம் சுளிச்சது அதனாலதான் இருக்கும், பிடிவாதம்னு நினைச்சுடாதீங்க.

பழைய போன் லைன் 300-லேர்ந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் குரலைக் கடத்தும். இப்ப 4ஜி-லயே போற கால்ல, வோல்ட்இ-ன்னு சொல்றாங்களே அதுல, 7000 வரைக்கும் வரும். "ச" திரும்பக் கிடைக்கிறது அங்கதான். ரெண்டு பக்கமும் அந்த வசதி இருக்கணும். அதனால பட்டன் போனே வாங்கினாலும் 4ஜி இருக்கான்னு பாத்து வாங்குங்க.

இன்னொண்ணு, போனைக் காது ஓட்டையில வச்சுப் பேசச் சொன்னீங்களா? எல்லாரும் பண்ற தப்பு அது. பின்னாடி மாட்டுற மெஷினுக்கு மைக் காது மடலுக்கு மேல இருக்கு. போன்ல குரல் வர்ற ஸ்பீக்கர் அங்க வரணும். ஒட்டி அழுத்தாம, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா கீச்சு நின்னுடும்.

சலங்கை:

காது கேட்கும் கருவி பொருத்தும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன அந்த கொர் இரைச்சல் 2ஜி போனுடையது. 2ஜி-யில் போனின் ரேடியோ வினாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு இயங்கும். மெஷின் அந்தத் துடிப்பை இழுத்துக்கொண்டு பெரிதாக்கிவிடுகிறது. 4ஜி காலில் இது பெருமளவு குறையும்.

போனைத் தேடும் முன் பெரியம்மாவின் மெஷினைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகுப் பக்கம் ஒரு சின்ன சுவிட்ச், பக்கத்தில் ஓ, டி, எம் என்று ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா? சிலவற்றில் சுவிட்சுக்குப் பதில் ஒரு பொத்தான் மட்டும் இருக்கும். புளூடூத் உள்ள மெஷின் என்றால் கதையே வேறு: குரல் நேராக மெஷினுக்குள் போய்விடும். ஆனால் எல்லா மெஷினும் எல்லா போனோடும் சேராது. சில ஐபோனோடு மட்டும், சில ஆண்ட்ராய்டு 10-க்கு மேற்பட்ட சில போன்களோடு. மெஷின் கம்பெனிக்காரர்களே ஒத்துப்போகும் போன்களின் பட்டியல் வைத்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் போனுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

நீலக்குடை:

பாத்தேன்! புளூடூத் இல்ல. ஆனா நீங்க சொன்ன சுவிட்ச் இருக்கு, மூணு எழுத்தும் இருக்கு, "டி" பாதி தேஞ்சே போச்சு. பெரியம்மாகிட்ட கேட்டேன். "அந்த நடு எழுத்துல வச்சா ஒண்ணுமே கேக்காது, அது வாங்கினப்பவே கெட்டுப்போனது"ங்கிறாங்க. இத்தனை வருஷமா அதைத் தொடவே இல்லயாம்.

சலங்கை:

அது கெட்டுப்போகவில்லை! டி என்பது டெலிகாயில், உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கம்பிச் சுருள். எம் என்பது மைக். டி-யில் வைத்தால் மைக் அணைந்துவிடும், அதனால்தான் அறையில் நடப்பது எதுவும் கேட்கவில்லை. போனின் ஸ்பீக்கரிலிருந்து வரும் காந்த அலையை மட்டும் அது பிடிக்கும். மைக் இல்லாததால் கீச்சும் இல்லை, சுற்றுப்புறச் சத்தமும் இல்லை.

இதற்கு போனும் ஒத்துழைக்க வேண்டும். அமெரிக்க அளவுகோல்படி சில போன்களின் பெட்டியிலோ கையேட்டிலோ எம்3, டி3 என்று போட்டிருப்பார்கள். உங்களுக்கு முக்கியம் அந்த டி எண். 3 போதும், 4 இன்னும் நல்லது. புதிய போன்களில் எண் இல்லாமல், காது மெஷினுக்கு ஏற்றது என்று மட்டும் இருக்கலாம். பல போன்களில் கால் செட்டிங்ஸில் "ஹியரிங் எய்ட்" என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். டி-யில் வைத்தபின் போனை மெஷின் ஓரமாக மெதுவாக மேலும் கீழும் நகர்த்தச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் குரல் சட்டென்று தெளியும். அந்த இடத்தைக் கை பழகிக்கொள்ளும்.

ஒற்றைத்திண்ணை:

கடையில பாட்டு போட்டுக் காட்டுவாங்க, அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. பெரியம்மா கையில போனைக் கொடுத்துட்டு நீங்க வெளிய போய் அவங்களுக்குக் கால் பண்ணுங்க, அஞ்சு நிமிஷம் பேசுங்க. மணிக்கு கட்டைக் குரல்ல இருக்குற ட்யூனா வைங்க, குருவி சத்தமெல்லாம் வேண்டாம். அதிர்வையும் போட்டுவிடுங்க. கால் வந்தா ஃபிளாஷ் மின்னுற வசதி இருந்தா இன்னும் நல்லது, ராத்திரி மெஷினைக் கழட்டி வச்சிருக்கும்போது அதுதான் உதவும்.

அவங்க தமிழ் படிப்பாங்கன்னா டச் போனையும் ஒதுக்காதீங்க. வீடியோ கால்ல உதடு தெரியும். எனக்கு பாதிப் பேச்சு அதுலதான் புரியுது. பேசுறவங்க வெளிச்சத்தைப் பாத்து உக்காரணும், அவ்வளவுதான். கூகுளோட லைவ் டிரான்ஸ்கிரைப் நேர்ல பேசுறதைத் தமிழ்லயே எழுத்தாக்கும். கால் நடக்கும்போது அதே போன்ல உதவாது, ஆனா டாக்டர் முன்னாடி உக்காரும்போது பெரிய துணை.

நீலக்குடை:

டி எண் போட்ட ஒரு 4ஜி டச் போன் வாங்கிட்டோம். கடை வாசல்லேர்ந்து கால் பண்ணினேன். ரெண்டு வார்த்தைதான் பேசியிருப்பேன். "என்னடி, குரல் கம்முது, சளி பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்புறம் பேச்சே வரல.

ஒரே ஒரு சிக்கல். பேசி முடிச்சதும் சுவிட்சை மாத்த மறந்துடுறாங்க. நேத்து கதவைத் தட்டித் தட்டி எனக்குக் கை வலிச்சுடுச்சு.

சலங்கை:

எம்டி என்று இரண்டும் சேர்ந்த நிலை சில மெஷின்களில் உண்டு, உங்களுடையதில் இல்லை. போனின் முதுகில் ஒரு துண்டுத்தாள் ஒட்டுங்கள். கீழே வைக்கும்போது கண்ணில் படட்டும்.

நீலக்குடை:

"பேசி முடிச்சா எம்"னு பெருசா எழுதி ஒட்டியாச்சு. போனைக் கவுத்துத்தான் வைக்கணும்னும் சொல்லியிருக்கேன். ரொம்ப நன்றி.