கீமோ அசதி என்று நினைத்துவிட்டேன்

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை இரண்டாம் சுற்று ஏற்றிய ஐந்தாம் நாள் காலை, காப்பி டம்ளர் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. பேச்சும் குழறியது. கீமோ அசதி என்று நானே முடிவு கட்டி, படுக்கவைத்து மோர் கொடுத்தேன்; புரையேறியது. தம்பி வந்து, வாய் கோணியிருப்பதைப் பார்த்தபோது மூன்று மணி நேரம் போயிருந்தது. அது பக்கவாதம். மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எங்கள் ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அதுவும் தாண்டிவிட்டது.

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் இரு பக்கமும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். ஒரு குழாய் மட்டும் அடைத்திருந்தால் இப்படிச் சிதறியிருக்காது, ரத்தமே உறையும் சுபாவத்துக்கு மாறியிருக்கிறது என்றார் நரம்பியல் மருத்துவர். உடம்பில் ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் அளவு எகிறியிருந்தது. புற்றுச் செல்களே உறைதலைத் தூண்டுமாம், சிஸ்பிளாட்டினும் அதற்குத் துணைபோகுமாம். நோயைக் கண்டுபிடித்த முதல் சில மாதங்களில்தான் ஆபத்து அதிகம். கையெழுத்து வாங்கியபோது முடி கொட்டும், வாந்தி வரும் என்றெல்லாம் சொன்னவர்கள் இதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

*

மேலே எழுதியவருக்கு: எங்கள் வீட்டில் வரிசை தலைகீழ், புற்று இருப்பது பிறகுதான் தெரிந்தது. மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. முதலில் பக்கவாதம், மூன்றே வாரத்தில் இன்னொன்று. உடம்பு இளைத்ததை விரதத்தின் கணக்கில் எழுதியிருந்தோம். இரண்டாம் முறை ஓர் இளம் மருத்துவர் வயிற்றையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கணையத்தில் கட்டி. காரணம் தெரியாமல் ரத்தம் உறைந்தால் உள்ளே புற்று ஒளிந்திருக்கலாம் என்று ட்ரூஸோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1865-இலேயே சொல்லியிருக்கிறார். 1867-இல் அவர் உடம்பிலேயே அப்படி உறைந்தது; அதே ஆண்டு வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார்.

*

நான் இன்னொருவர், எங்கள் வீட்டுக் கதையும் இது: சித்தப்பாவுக்குப் புகையிலையால் தொண்டையில் புற்று. கழுத்தில் ஏழு வாரம் கரண்ட் வைத்தார்கள், குணமானார். ஒன்பது வருடம் கழித்து இடக்கை இழுத்துக்கொண்டது. கதிர்வீச்சு கழுத்து ரத்தக்குழாயைச் சுருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. சுருக்கம் இருந்ததும் தோல் கறுத்திருந்த அதே இடத்துக்கு நேர் கீழே.

*

முதலில் எழுதியவள்தான். கேட்டவர்களுக்காக: அப்பாவுக்கு இரண்டு வேளையும் தொப்புளைச் சுற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் வகை ஊசி, நான்தான் போடுகிறேன். டம்ளரை இடக்கையில் பிடிக்கிறார். மோருக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.