அங்கோர் வாட் படங்களை வரிசைப்படுத்த உதவி வேண்டும்

வணக்கம். குடும்பத்தோடு கம்போடியா போய்வந்த படங்களை, அம்மா அங்கே சொன்ன கதைகளோடு சேர்த்து ஆல்பமாக அச்சிட விரும்புகிறேன். அங்கோர் வாட்டின் கிழக்குத் திருச்சுற்றில் ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் சிற்பம் இருக்கிறது. வாசுகியின் உடலை விரலால் காற்றில் தொடர்ந்தபடியே அம்மா பேரனுக்குக் கதை சொன்னார். மத்தைத் தாங்கும் ஆமையைக் கண்டு அவன் துள்ளிய அந்த ஒரு படம் போதும் எனக்கு!

சிக்கல் இதுதான்: அத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் எடுத்த தேதியும் நேரமும் இல்லை. அசல் படங்கள் அவர் போனிலிருந்து அழிந்துவிட்டன. இவற்றை என் படங்களோடு எப்படி வரிசைப்படுத்துவது? நிழலில் எடுத்த சிற்பப் படங்களை அச்சுக்காக எவ்வளவு வெளிச்சமாக்கலாம்? ஆல்பம் செய்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.