பழைய தாய்லாந்து மோலாம், லூக் துங் பாட்டெல்லாம் எங்கிருந்து கேக்க ஆரம்பிக்கறது?

ராத்திரி_ரேடியோ:
வணக்கம் மக்களே. நைட் வேலை பாக்கும்போது ஏதாவது டிஜே மிக்ஸ் ஓடிட்டே இருக்கும், அப்படி ஒண்ணுல நடுவுல ஒரு பாட்டு வந்துச்சு, முதல்ல ஒரு ஊதுற வாத்தியம் மட்டும் தனியா இழுத்துட்டே இருக்கு, அப்புறம் ட்ரம்ஸும் பேஸும் சேந்து இறங்குது, அதுக்கு மேல ஒரு அம்மா மூச்சே விடாம பேசற மாதிரி பாடறாங்க. வேலைய அப்படியே விட்டுட்டு கேட்டேன். ட்ராக் லிஸ்ட் கிடையாது, கமெண்ட்ல யாரோ "தாய் ஃபங்க், 70ஸ்"னு மட்டும் போட்டிருக்காங்க. க்ருவாங்பின் பேண்ட் கேப்பேன், ஆனா அவங்க அமெரிக்கா, ஹூஸ்டன்காரங்க, எனக்கு அவங்க எடுத்துக்கிட்ட அந்த ஒரிஜினல் தாய் பாட்டு வேணும். எந்த தொகுப்புல ஆரம்பிக்கலாம்?

தட்டு_தேடி:
நீங்க சொல்றத பாத்தா அது மோலாம். தாய்லாந்தோட வடகிழக்கு, லாவோஸ ஒட்டின இசான் பகுதியோட பாட்டு. அந்த ஊதுற வாத்தியம் பேரு கேன், மூங்கில் குழாய்கள ரெண்டு வரிசையா கட்டி உள்ள சின்ன உலோக நாக்கு வெச்சிருப்பாங்க, நம்ம ஆர்மோனியம் மாதிரிதான் வேலை செய்யும், ஆனா ஊதினாலும் சத்தம், இழுத்தாலும் சத்தம், அதனாலதான் நிக்காம இழுத்துட்டே இருக்கற மாதிரி கேக்குது. கூட 'பின்'னு ஒரு தந்தி வாத்தியம் வரும், அத எலக்ட்ரிக் ஆக்கிட்டாங்கன்னா கிடார் தோத்துடும்.

ஆரம்பிக்க 'தி சவுண்ட் ஆஃப் சயாம்'தான். சவுண்ட்வேங்கற இசைத்தட்டு கம்பெனி 2010ல போட்டது, 1964ல இருந்து 75 வரைக்கும் உள்ள பாட்டு, தொகுத்தது மாஃப்ட் சாய், கிறிஸ் மெனிஸ்ட் ரெண்டு பேரும். ரெண்டாவது வால்யூம் 2014ல வந்துச்சு, அது முழுக்க இசான் பக்கம்தான், உங்களுக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்னு நினைக்கறேன். மிக்ஸுக்கு வேற எங்கயும் போக வேணாம், மாஃப்ட் சாய் பேர போட்டு தேடுங்க, அவரே டிஜேதான், 45ன்னு சொல்ற சின்ன பழைய இசைத்தட்டுலயே வாசிப்பார்.

ட்ரம்ஸும் பேஸும் எப்படி அங்க போச்சுன்னா, வியட்நாம் போர் சமயத்துல உடோன், உபோன், கோராட்னு இசான்லயே அமெரிக்க விமானப்படைத் தளங்கள் இருந்துச்சு, சோல்ஜர்களுக்காக பார்ல ராக், சோல் எல்லாம் வாசிச்ச உள்ளூர் பேண்டுகள் நிறைய. அந்த சத்தம் ஊர்ப் பாட்டுக்குள்ளயும் வந்துருச்சு.

கேசட்_காலம்:
மேல சொன்னது நல்ல ஆரம்பம், ஆனா அங்கயே நின்னுடாதீங்க, இத நான் அழுத்தியே சொல்றேன். இந்த தொகுப்பெல்லாம் டிஜேக்கள் ஆடறதுக்குன்னு பொறுக்கினது, ட்ரம்ஸ் ப்ரேக், அதாவது மத்ததெல்லாம் நின்னு ட்ரம்ஸ் மட்டும் ஓடற இடம், இருந்தா உள்ள, இல்லன்னா வெளிய. அதனால தாய்லாந்து முழுக்க அப்போ ஃபங்க்தான் ஓடிச்சுங்கற மாதிரி ஒரு நினைப்பு வந்துடுது. அந்த ஊர் ஜனங்க நெஞ்சுல வெச்சிருந்தது மெதுவா போற லூக் துங், வயக்காட்ட விட்டு பாங்காக் வேலைக்கு வந்தவன் ஊர நினைச்சு பாடற பாட்டு. சுராபோன் சொம்பட்சரோன் கேளுங்க, லூக் துங் ராஜான்னே அவர சொல்லுவாங்க, 1968ல சுட்டுக் கொன்னுட்டாங்க. அப்புறம் பும்புவாங் துவாங்சான், எழுதப் படிக்கத் தெரியாது, ஒவ்வொரு பாட்டையும் காதால கேட்டே மனப்பாடம் பண்ணி பாடினவங்க, 1992ல முப்பது வயசுல போயிட்டாங்க. அவங்க குரல ஒரு தடவை கேட்டுட்டு சொல்லுங்க, ப்ரேக் எதுக்குன்னு.

தொகுப்புதான் வேணும்னா ஜப்பான் கம்பெனி எம் ரெக்கார்ட்ஸ் போட்டத தேடுங்க. அவங்க பாட்ட உதிரியா பொறுக்காம ஒரு ஆள எடுத்துட்டு முழுசா போறாங்க. சுரின் பாக்சிரின்னு ஒரு தயாரிப்பாளர், அவருக்கு லூக் துங் ஒண்ணு, மோலாம் ஒண்ணுன்னு தனித்தனியா ரெண்டு தொகுப்பு. 1972 வாக்குல அவர் அங்கனாங் குன்சாய வெச்சு பண்ண 'இசான் லாம் ப்லோன்' கேட்டா, மோலாமும் லூக் துங்கும் எந்த இடத்துல ஒட்டிச்சுன்னு காதுலயே தெரியும். டாவ் பண்டோனுக்கும் ஒரு தொகுப்பு இருக்கு, அந்த ஆளு குரல்ல இருக்கற சோகம், அப்பா.

ராத்திரி_ரேடியோ:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, அங்கனாங் குன்சாய் இப்பதான் போட்டேன், நான் தேடின பாட்டு இது இல்ல ஆனா அதே உலகம்தான். ஒரு சந்தேகம், பேர போட்டு தேடினா பாதி கிடைக்கவே மாட்டேங்குது, ஒவ்வொரு இடத்துலயும் ஸ்பெல்லிங் வேற வேறயா இருக்கு?

சுகும்வித்_வாசி:
பாங்காக்ல வேலை பாக்கறேன், அதனால சொல்றேன். இங்கிலீஷ் எழுத்துல தேடவே தேடாதீங்க, ஒரே பாடகர் பேர நாலு விதமா எழுதுவாங்க. விக்கிபீடியாவோ, இசைத்தட்டு விவரம் எல்லாம் இருக்கற டிஸ்காக்ஸ் தளமோ போயி தாய் எழுத்துல இருக்கற பேர காப்பி பண்ணி யூட்யூப்ல பேஸ்ட் பண்ணுங்க, பழைய 45 எல்லாம் சுத்தற தட்டோட வீடியோ எடுத்து போட்டிருக்கறது வந்து கொட்டும். தட்டு நடுவுல ஒட்டியிருக்கற லேபிள்ல வருஷம் இருந்து அது 2515ன்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, புத்த வருஷம், 543 கழிச்சா 1972.

இந்தப் பக்கம் வந்தா மாஃப்ட் சாயோட சுட்ராங்மா ரெக்கார்ட்ஸ் கடைக்கும் ஸ்டூடியோ லாம்ங்கற பாருக்கும் போங்க, கிளம்பறதுக்கு முன்னாடி முகவரியும் கடை நேரமும் மட்டும் பாத்துக்கோங்க. சைனாடவுன் பக்கம் பழைய தட்டு விக்கறவங்களும் இருக்காங்க, ஆனா வெயில்லயும் ஈரத்துலயும் கிடந்த தட்டு, கையில எடுத்து வெளிச்சத்துல சாச்சு பாக்காம காசு குடுக்காதீங்க. வளைஞ்சிருந்தா விட்டுருங்க, மேல கீறல் மட்டும்னா கழுவி பாக்கலாம்.

தட்டு_தேடி:
கேசட்_காலம் சொன்னதுல பாதிதான் ஒத்துக்குவேன். டிஜேக்கள் ப்ரேக் தேடித்தான் போனாங்க சரி, ஆனா அந்த தேடல்ல இருந்துதான் இசான் கலைஞர்கள் மறுபடி மேடை ஏறினாங்க. பாரடைஸ் பாங்காக் மோலாம் இன்டர்நேஷனல் பேண்ட் கேளுங்க, 2014ல முதல் ஆல்பம், கேன் வாசிக்கற சவாய் கெவ்சொம்பட், பின் வாசிக்கற கம்மாவ் பெர்ட்டனோன் ரெண்டு பேரும் பழைய ஆளுங்க, கீழ பேஸும் ட்ரம்ஸும் இளசுங்க. பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம். ராத்திரி வேலைக்கு அதவிட நல்லது எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கேசட்_காலம்:
அந்த பேண்ட் விஷயத்துல நானும் உங்க கட்சிதான். ஆனா அத கேட்ட கையோட ஒரு முழு சுராபோன் ஆல்பமும் போட்டு கேக்கட்டும், அவ்வளவுதான் என் கோரிக்கை.