சன்சேட் அடியிலை விடுற கோட்டுக்கு என்ன பேர்? (சொட்டுத்தடை, நீர்வெட்டு, இறப்பு பற்றி)

எல்லாருக்கும் வணக்கம். சன்சேட்டுக்கு (யன்னலுக்கு மேலை சுவரிலை இருந்து நீட்டிக்கொண்டு நிக்கிற கொங்கிறீற் தட்டுக்கு) அடிப்பக்கத்திலை விடுற பள்ளக் கோட்டைத் தமிழிலை என்னெண்டு சொல்லுறது எண்டு கேட்ட இந்த இழையை மூண்டு நாளா வாசிச்சுக்கொண்டு மட்டும்தான் இருந்தனான், ஆனா நேற்று தம்பி ஒராள் அதுக்கு "சொட்டுத்தடை" எண்டு பேர் எழுதினதைக் கண்டாப்பிறகு எழுதாமல் இருக்கேலாமல் போச்சு.

தம்பி, அந்தக் கோட்டின்ரை வேலை சொட்டைத் தடுக்கிறது இல்லை, சொட்டப் பண்ணுறது. மழைத்தண்ணி சன்சேட் விளிம்பாலை நேரை கீழை விழும் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம், அது விழாது, கொங்கிறீற்றோடை ஒட்டிக்கொண்டு அடிப்பக்கத்தாலை ஊர்ந்து சுவருக்குப் போய் அங்கையிருந்து யன்னல் நிலைக்கு இறங்கும். விளிம்பிலை இருந்து ஒண்டு ரெண்டு அங்குலம் உள்ளுக்குத் தள்ளி, அரை அங்குல அகலம் அரை அங்குல ஆழத்திலை ஒரு தவாளிப்பு (நீளப் பள்ளம்) ஓடினா தண்ணி அதைத் தாண்ட மேலை ஏற வேணும், ஏறாது, அந்த ஓரத்திலையே திரண்டு சொட்டிப்போடும். பலகை அடிக்கேக்கை ஒரு மெல்லிய ரீப்பையை (மரச்சட்டத்தை) ஆணியடிச்சு வைச்சிட்டு கொங்கிறீற் போட்டாக் காணும். ஒண்டு மட்டும் கவனிக்கோணும், ரெண்டு முனையும் சுவரைத் தொடாமல் கொஞ்சம் முன்னுக்கே நிக்க வேணும், தொட்டா அந்தத் தவாளிப்பே தண்ணியைச் சுவருக்குக் கொண்டுபோற பீலி ஆயிடும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் எண்டா, நான் வீடு கட்டேக்கை இதைக் கேக்கத் தெரியேல்லை, கேக்கிறதுக்கு வாயிலை ஒரு சொல்லும் இல்லை. மதிப்பீட்டுத் தாளிலை பேர் இல்லாத வேலையை ஆரும் செய்யமாட்டினம். ரெண்டு மாரி போக சன்சேட்டுக்கு அடியிலை கறுப்பு வடு, பூச்சு ஊதி விழுந்து கம்பி துருவேறி வெளியிலை தெரியுது. கடற்காத்து அடிக்கிற ஊரிலை கம்பிக்குத் தண்ணி போனா அவ்வளவுதான்.

எங்கடை பழைய வீடுகளுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. பனையோலைக் கூரையிலை ஒவ்வொரு ஓலை நுனியும் தானாச் சொட்டும். நடுவிலை முற்றம் வைச்ச நாற்சார் வீடுகளின்ரை ஓட்டுக்கூரை விளிம்பிலை பல்லுப்பல்லா வெட்டின பலகை அடிச்சிருப்பினமெல்லோ, அதை நாங்கள் வெறும் வடிவுக்கு எண்டு நினைக்கிறம், மழை நேரம் போய் நிண்டு பாருங்கோ, ஒவ்வொரு பல்லு நுனியிலையும் தண்ணி திரண்டு முற்றத்திலை விழும். கோயில் கூரை ஓரத்துக் கொடுங்கையும் வளைஞ்சு கீழை இறங்கி விளிம்பிலைதான் தண்ணியைக் கழட்டி விடுறது. கூரை தட்டையானாப்பிறகுதான் அந்த நுனி இல்லாமல் போச்சு, அதுக்குப் பதிலாத்தான் இந்தக் கோடு.

றோட்டாலை போறவைக்கும் இதிலை பங்கு இருக்கு. முந்தி வழிப்போக்கருக்கு வீட்டு வாசலிலை சங்கடப்படலை இருந்தது, கூரையும் இருக்கத் திண்ணையும் வைச்சு. இப்ப ஐப்பசி மழைக்கு யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியிலை ஆக்கள் ஒதுங்குறது கடைச் சன்சேட்டுக்குக் கீழைதான், அதிலை கோடு இல்லாட்டி தண்ணி சுவராலை வடிஞ்சு, சாய்ஞ்சா முதுகு நனையுது.

இனிச் சொல்லுக்கு வருவம். எனக்கு வேலை செய்த மேசனார் கடைசியிலை, எல்லாம் பழுதாப் போனாப்பிறகு, "தண்ணி வெட்டுறதுக்கு ஒரு கோடு விட்டிருக்கலாம்" எண்டார். "வெட்டு" நல்லாத்தான் இருக்கு, ஆனா நீர்வெட்டு எண்டா பேப்பரிலை குழாய்த்தண்ணி நிப்பாட்டுற அறிவித்தல்தான் ஞாபகம் வரும். இந்த இழையிலை மதுரை அண்ணை சொன்ன "துளிக்காடி"யிலை வாற காடி, தச்சுவேலையிலை பள்ளத்துக்கு இருக்கிற சொல், மறுக்கேலாது, ஆனா காடி எண்டா புளிச்ச காடியும் சேர்ந்து வருது. எங்கடை பக்கம் தவாளிப்பு எண்டு தொழினுட்பப் பாடத்திலை படிச்சு வந்தவை கனபேர் இருக்கினம்.

நான் முதல் விரும்பினது "இறப்புத் தவாளிப்பு". இறப்பு எண்டா எங்கடை ஆக்களுக்குக் கூரையின்ரை தாழ்ந்த ஓரம், "சத்தகத்தை இறப்பிலை செருகி வை" எண்டு அம்மம்மா சொல்லுவா. சாவு எண்டு பயப்பிட வேண்டாம், இற எண்டதுக்குக் கடந்து போறது எண்டும் பழைய பொருள் இருக்கு, 310ஆம் குறளிலை முதல் வாற இறந்தார் எல்லை கடந்தவர், அடுத்து வாறவர்தான் செத்தவர். சுவரைக் கடந்து நீட்டி நிக்கிறது இறப்பு, எனக்கு அப்பிடித்தான் படுது. ஆனா யோசிச்சுப் பார்த்தா இந்தக் கோடு கூரைக்கு மட்டும் இல்லை, யன்னல் அடிக்கட்டுக்கும் மதில் தலைக்கும் வேணும், அங்கை இறப்பு எண்டு சொல்லேலாது. அதாலை மனமில்லாமல்தான் அதை விடுறன்.

என்ரை முடிவு "சொட்டுத்தவாளிப்பு". சன்சேட்டுக்கு வேணுமெண்டா இறப்பை வைச்சுக்கொள்ளுங்கோ, "இறப்பிலை சொட்டுத்தவாளிப்பு 40 அடி" எண்டு தாளிலை எழுதினா மேசனுக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே விஷயம் விளங்கும். வாற கிழமை பக்கத்து வளவிலை சன்சேட்டுக்குப் பலகை அடிக்கினம், அந்த மேசனாரிட்டை இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்து, அவற்றை வாயிலை அது எப்பிடித் திரும்பி வருது எண்டு எழுதுறன்.