கரைக்கு வராத ஆமைகளைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வானகிரியிலிருந்து எழுதுகிறேன். தை பிறந்தால் எங்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. வனத்துறை ஆட்களோடு பூம்புகார் வரை கரையோரமாக நடப்போம், பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) ஏறிய தடம் தெரிந்தால் குழியைத் தேடி நூறு, நூற்றிருபது முட்டையை அலுங்காமல் எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்ப்போம். குழியை மூடிவிட்டு அது தன் வயிற்றாலேயே தொம் தொம்மென்று மணலை இடித்துக் கெட்டிப்படுத்துமே, அந்தச் சத்தத்தைக் கேட்க எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் நடக்கலாம்.

ஆனால் குழியை எண்ணி ஆமையை எண்ணிவிட முடியாது. ஒரே ஆமை ஒரு பருவத்தில் இரண்டு தடவைகூட ஏறும், அடுத்த வருடம் வராமலும் போகும். ஆண் ஆமையோ குஞ்சாகக் கடலுக்குள் இறங்கியதோடு சரி, அப்புறம் கரைக்கு வரவே வராது. போன மாசியில் ஒரு விடியற்காலை, செத்து ஒதுங்கிய ஒன்றின் ஓட்டில் தையல் டேப்பை வளைவோடு பிடித்தேன், 68 செ.மீ. இருந்தது. வால் ஓட்டைத் தாண்டி நன்றாக நீண்டிருந்தது, ஆண். உடம்பில் ஒரு காயம் இல்லை, கண் மட்டும் பிதுங்கியிருந்தது. விசைப்படகு இழுத்துப் போகும் இழுவைமடி வலைக்குள் மாட்டி மூச்செடுக்க மேலே வர முடியாமல் செத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மறுபடி எண்ணிவிடாமல் இருக்க ஓட்டில் பெயிண்ட் கோடு போட்டுப் புதைத்தோம். நான் கையால் தொட்ட ஆண் ஆமை எல்லாமே செத்ததுதான். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுதான் அதிகம் பொரியும், வெயில் ஏறிக்கொண்டே போகிற இந்தக் காலத்தில் கடலில் ஆண் போதுமான அளவு இருக்கிறதா என்பதைக் கரையில் நடக்கிற எங்களால் எப்படிச் சொல்ல முடியும்? அதனால்தான் கடலுக்குப் போகிறவர்களைக் கேட்கிறேன்.

*

அதிராம்பட்டினத்தில் நண்டு வலை விடுகிறேன் அண்ணே. எங்கள் பக்கம் நான் பார்ப்பது பேராமைதான், பச்சை ஆமை என்பார்களே, அது. இங்கே கடல் ஆழம் இல்லை, தெளிந்த நாளில் அடியில் கடற்புல் தெரியும், அதை மேயத்தான் வருகிறது. சாப்பாட்டுத் தட்டு அளவுக் குட்டியும் பார்த்திருக்கிறேன். 2022இல் பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கென்று, அதான் கடல்பசுவுக்கு, காப்பகம் அறிவித்தார்களே, அதற்கும் இந்தப் புல்தான் சாப்பாடு.

போன புரட்டாசியில் பெரிய ஆமை ஒன்று, இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் எடை, முன்துடுப்பில் வலை முறுக்கி அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று தம்பி தள்ளிவிடப் பார்த்தான், நான் விடவில்லை. வலையை அறுத்தோம், ஆயிரத்து ஐநூறு ரூபாய் போச்சு. வலைக் குவியல் மேல் அதன் பின்பக்கத்தை உயர்த்தி, தலை தாழ இருக்கும்படி கிடத்தி, ஈரச்சாக்கைப் போர்த்தினோம். மூக்கை மூடாமல் பார்த்துக்கொண்டோம். வாயிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் இருக்கும், இமை ஓரத்தைத் தொட்டேன், சுருக்கியது. அப்புறம் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது பாருங்கள், தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்து, இஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கிவிட்டோம்.

*

தம்பி, வானகிரிதான் மறுபடியும். இரண்டு தடவை படித்துவிட்டேன். உயிரோடு விட்டதை எல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை, எங்கள் நோட்டு முழுக்கச் செத்ததுதான் இருக்கிறது. வால் எவ்வளவு நீளம், ஞாபகம் இருக்கிறதா?

*

இருக்கிறது அண்ணே. முழங்கையளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, இறக்கும்போது என் மணிக்கட்டில் அடித்தது. ஆண் என்றால் ஆண் என்றே எழுதிக்கொள்ளுங்கள்: மல்லிப்பட்டினத்துக்குக் கிழக்கே, இரண்டு பாகம் (சுமார் பன்னிரண்டு அடி) ஆழம், காலை எட்டு மணி, உயிரோடு.