22 வருஷமா நிலைச்ச மேடைப் பேரு: விடலாமா, வச்சுக்கலாமா?

தேவகோட்டை நாயனம்:
வணக்கம். வயசு 44, நாதஸ்வரம் வாசிக்கிறேன். என் குருநாதர் பேருக்கு முன்னாடி 'சின்ன' சேர்த்ததுதான் 22 வருஷமா என் பேரு. நானா வச்சுக்கிட்டது இல்ல. குன்றக்குடி தைப்பூசத்துல ஐயாவுக்குக் காய்ச்சல் வந்து, சாமி புறப்பாட்டுக்கு மல்லாரியை நான் வாசிச்சேன். மறுநாள்லேர்ந்து ஊரே 'சின்னவரு'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுருச்சு. அப்பா வச்ச பேரு ஆதார்லயும் பாஸ்புக்லயும் மட்டும்தான் இருக்கு. தவில் உறையில சிவப்பு நூல்ல தைச்சிருக்கிறது கூட இந்தப் பேருதான்.

ஐயா காலமாகி ரெண்டு வருஷமாச்சு. வர்ற தையில அவங்க பேரனுக்கு அரங்கேற்றம். 17 வயசு. தாத்தா பேரைத்தான் வச்சிருக்காங்க, மூச்சும் தாத்தா மூச்சு. போன மாசம் கானாடுகாத்தான்ல ஒரு சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். பையன் என் பக்கத்துல தாளம் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். வீட்டுக்காரச் செட்டியார் வந்து, "உங்க மகனா?"ன்னார். "இல்லைங்க, ஐயா பேரன்"னேன். "அப்ப இவருதானே சின்னவரு!"ன்னு சந்தோஷமா சொல்லிட்டுப் போயிட்டார். பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கு நாயனத்துச் சீவாளியை உதட்டுல வைக்கவே முடியல.

யாரும் என்னை மாத்தச் சொல்லல. ஆனா அன்னிலேர்ந்து தூக்கம் வரல. இந்தப் பேருலதான் முகூர்த்தம் வருது, ரெண்டு பிள்ளைங்க படிக்குது. சொந்தப் பேருக்குப் போயிரலாமா?

கல்லுக்கட்டி வாசி:
தம்பி, விடாதீங்க. 30 வருஷமா இந்தப் பக்கம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மேளம் பேசி விடுறவன் சொல்றேன். ஒவ்வொரு வீட்டுலயும் முந்தின கல்யாணத்துக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்த கல்யாணத்துக்கு ஆள் சொல்றாங்க. சமையலுக்கு யாரு, பந்தலுக்கு யாரு, மேளத்துக்கு யாருன்னு அதுல இருக்கும். உங்க பேரு எத்தனை நோட்டுல ஏறியிருக்குன்னு உங்களுக்கே தெரியாது.

ராசையாவை இளையராஜா ஆக்கினவர் நம்ம சிறுகூடல்பட்டி பஞ்சு அருணாசலம். பாடகர் ஏ.எம்.ராஜா ஏற்கனவே இருந்ததால முன்னாடி 'இளைய' வந்துச்சு. அந்த 'இளைய'வால அவருக்கு என்ன குறைஞ்சு போச்சு? அதோட, அது 1976-ல முதல் படத்துக்கே வச்ச பேரு. நீங்க 22 வருஷம் நடந்து வந்த பிறகு கேக்குறீங்க. உங்க தொழில்லயே பாருங்க, டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்கு அந்த 'டி.என்.' தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளை பேரு. வளர்த்தவங்க பேரைச் சுமக்கிறது உங்ககிட்ட ஆரம்பிக்கல.

ஒலிப்பதிவு, காரைக்குடி:
மாத்துறதுன்னு முடிவு பண்ணினா வேலை கொஞ்சம்தான். மேடைப் பேருக்கு அரசிதழ் விளம்பரம் தேவையில்ல, பான், பேங்க் எல்லாம் சொந்தப் பேருலதானே இருக்கு. யூடியூப் சேனல் பேரை மாத்தினாலும் பழைய வீடியோ அப்படியே இருக்கும். ஸ்பாட்டிஃபைல மட்டும் கவனம்: பாட்டை ஏத்திக் கொடுத்தவங்க மூலமாத்தான் மாத்தணும், இல்லாட்டி பழசு ஒரு பேருல, புதுசு ஒரு பேருலன்னு பிரிஞ்சு கிடக்கும். ரெண்டு வருஷத்துக்காவது ரெண்டு பேரையும் சேர்த்தே போடுங்க. போன் நம்பரை மாத்தவே மாத்தாதீங்க.

ஆத்தங்குடி ஆச்சி:
எங்க அப்பச்சி, அதான் அப்பா, பிள்ளை கூட்டிக்கிட்டு வந்தவக, தத்து வந்தவக. எட்டு வயசுல, காலையில ஒரு பேரு, சாயங்காலம் வேற பேரு. பெத்த வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அவக அக்கா ஒருத்தக மட்டும்தான். எழுபது வயசுலயும் அந்தக் குரலுக்குத் திண்ணையிலேர்ந்து சட்டுன்னு எந்திரிப்பாக. கண்ணதாசனும் முத்தையாவாப் பிறந்து, கூட்டிக்கிட்டுப் போன வீட்டுல நாராயணன் ஆகி, பிறகு தானா வச்சுக்கிட்ட பேருல நின்னவகதான். எங்களுக்குப் பேரு மாறுறது புதுசில்ல. ஆனா எங்க அப்பச்சிக்குப் பேரு மாறுனப்ப ரெண்டு வீட்டுப் பெரியவகளும் உக்காந்து பேசி முடிச்சாக. நீங்க தனியா உக்காந்து தூக்கத்தைக் கெடுத்துக்கிறீக. ஐயா வீட்டு அம்மா இருக்காகல்ல? அவககிட்ட கேட்டீகளா?

தேவகோட்டை நாயனம்:
ஆச்சி சொன்னதும் மறுநாளே போனேன். அம்மா முறத்துல உளுந்து புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கையை நிறுத்தல. அப்புறம் சொன்னாங்க: "காய்ச்சலோட படுத்துக்கிட்டே அன்னிக்கு உன் மல்லாரியைக் கேட்டுக்கிட்டிருந்தாரு. சின்னவன் வாசிக்கிறான், கதவைச் சாத்தாதேன்னு என்கிட்ட சொன்னாரு. ஊரு சொல்றதுக்கு முந்தி அவருதான் சொன்னாரு." இந்த 22 வருஷத்துல இது எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் என்னால பேச முடியல. பையன் வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தான்.

பேரை மாத்தல. அரங்கேற்ற நோட்டீஸ்ல பையன் பேரு மட்டும் இருக்கட்டும், என் பேரு எங்கயும் வேணாம்னு சொல்லிட்டேன். அன்னிக்குச் சுருதிப்பெட்டியும் வேணாம். அவன் பக்கத்துல உக்காந்து சுருதிக்கு நானே ஒத்து ஊதுறேன்.